சுழலாத சுருள்

சென்ற நோன்புப் பெருநாளுக்கு நம் தங்கையின் மகள் சென்னையிலிருந்து காயல்பட்டினம் வந்திருந்தாள். கல்லூரியில் இறுதியாண்டு படிப்பவள். பெருநாள் தொழுகையும் விருந்தும் முடிந்து, வருவோர் போவோர் ஓய்ந்த பிற்பகல் வேளையில் நம்மருகே வந்து அமர்ந்தாள்.

“மாமா, உங்களிடம் பழைய ஃபிலிம் கேமரா ஒன்று இருப்பதாக உம்மா சொன்னார்கள். அதை எனக்குத் தருவீர்களா?” என்று கேட்டாள்.

நாம் உடனே விடை கூறவில்லை. அவள் கையிலேயே அருமையான கைப்பேசி இருந்தது. அன்று காலையிலிருந்து அதில் அவள் எடுத்த படங்கள் இருநூறுக்குக் குறையா. வட்டிலப்பத்தை மட்டுமே ஒன்பது கோணங்களில் எடுத்திருந்தாள். அத்தகையவளுக்கு, ஒரு சுருளில் முப்பத்தாறு படங்களுக்கு மேல் எடுக்க இயலாத, எடுத்தது எப்படி வந்ததென்று அப்போதே காட்ட மாட்டாத ஒரு பழம்பொருளின் மீது ஆசை பிறப்பானேன்?

கேட்டோம். “அதற்காகத்தான் மாமா. உடனே தெரியாது அல்லவா? அந்தக் காத்திருப்பு நன்றாக இருக்கிறது. என் தோழியர் நால்வர் இப்போது ஃபிலிமில்தான் எடுக்கிறார்கள்” என்றாள்.

காத்திருப்பு நன்றாக இருக்கிறதாம்! நமக்குச் சிரிப்பும் வந்தது. நெஞ்சில் ஏதோ தைக்கவும் செய்தது. அந்தக் கேமராவை நாம் பெட்டியில் வைத்து மூடி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. மூடியதற்குக் காரணம் உண்டு. அதை நம் தங்கையும் அறியாள்.

நேயர்களுள் பலருடைய வீடுகளிலும் இன்று இதே கேள்வி எழுந்திருக்கக் கூடும். பரணில் கிடந்த யாஷிகாவையும் ஆக்ஃபா கிளிக்கையும் பேரப்பிள்ளைகள் தேடி எடுக்கின்றனர். பழைய இரும்புக்கு எடைபோடக் கொடுத்தவர்கள் இப்போது கை பிசைகின்றனர். இது நம் நாட்டில் மட்டும் நிகழ்வதன்று. இருபது ஆண்டுகளுக்கு முன் படச்சுருள் தொழில் செத்துவிட்டதென்றே உலகம் எண்ணிற்று. 2005இல் ஜெர்மனியின் ஆக்ஃபா ஃபோட்டோ நிறுவனம் நொடித்தது. இங்கிலாந்தின் இல்ஃபோர்டு அதற்கு முந்திய ஆண்டே கடனில் மூழ்க, அதன் மேலாளர்கள் சிலர் சேர்ந்து அதை வாங்கிக் கறுப்பு வெள்ளைச் சுருளைக் காப்பாற்றினர். போலராய்டு தன் உடனடிப் படத்தாளை 2008இல் கைவிட்டது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரத்து ஆலையை அங்கே வேலை பார்த்த சிலரே முன்னின்று மீண்டும் இயக்கினர். கோடக்கின் புகழ்பெற்ற கோடகுரோம் வண்ணச் சுருளைக் கழுவித் தந்த கடைசிக் கூடம், அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துப் பார்சன்ஸ் என்னும் சிற்றூரில் இருந்தது. அது 2010 டிசம்பர் இறுதியோடு சுருள்களைப் பெறுவதை நிறுத்திக்கொண்டது. 2012 ஜனவரியில் கோடக்கே திவால் மனு கொடுத்தது. அவ்வளவுதான், இனி ஃபாத்திஹா ஓத வேண்டியதுதான் என்று நாம் எண்ணியிருந்தோம்.

ஆனால் நடந்தது வேறு. அதே கோடக் நிறுத்தி வைத்திருந்த எக்டாகுரோம் சுருளை 2018இல் மீண்டும் விற்பனைக்கு விட்டது. 2024இல் பென்டாக்ஸ் நிறுவனம் ஃபிலிம் கேமரா ஒன்றைப் புத்தம் புதிதாகவே செய்து வெளியிட்டது. இவற்றை வாங்குவோரிற் பலர், ஃபிலிம் இருந்த காலத்தில் பிறந்தே இராத பிள்ளைகள் என்பதுதான் வியப்பு.

நம் நாட்டுக்கு இந்த மறுமலர்ச்சியால் வருவாய் ஏதுமில்லை. உதகமண்டலத்தில் அரசின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலை 1960இல் நிறுவப்பெற்று 1967 முதல் உற்பத்தி செய்தது. ‘இந்து’ என்னும் பெயரில் அது வெளியிட்ட சுருளையும் படத்தாளையும் அறியாத ஸ்டூடியோ அக்காலத்தில் தமிழகத்தில் இல்லை. தூசியில்லாத மலைக்காற்று வேண்டும் என்று அங்கே அமைத்தனர். 1990களில் நலிவுற்று, பின்னர் மூடப்பட்டது. இன்று நம் பிள்ளைகள் இங்கிலாந்துச் சுருளை ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் கொடுத்து வாங்குகின்றனர். முப்பத்தாறு படத்திற்கு ஆயிரம் ரூபாய்! கழுவும் செலவு தனி. இது வீண் விரயமன்றோ என்று கேட்கும் பெற்றோரை நாம் குறை கூற மாட்டோம். கேமராவைக் கழுத்தில் அணிகலனாக மாட்டிக்கொண்டு, அதையே கைப்பேசியில் படமெடுத்துப் போடும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறோம்.

நம் மருமகள் அத்தகையவள் அல்லள் என்பது பெட்டியைத் திறந்ததுமே விளங்கிற்று.

அது யாஷிகா எலக்ட்ரோ 35. சிங்கப்பூரில் வணிகம் செய்த நம் தாய்மாமா 1975இல் நமக்கென்று வாங்கி வந்தது. கடற்கரை ஊர்களில் இரும்பையே அரிக்கும் காற்று, கண்ணாடியை விட்டுவைக்குமா? லென்சின் ஓரத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. பின்மூடியின் இடுக்கில் ஒளி புகாமலிருக்க ஒட்டியிருந்த கறுப்புப் பஞ்சு, தார் போலப் பிசுபிசுத்தது. அதற்குரிய பாதரச மின்கலம் இன்று செய்யப்படுவதில்லை. அவள் எதற்கும் அசரவில்லை. பழைய பஞ்சைச் சுரண்டிப் புதியதை வெட்டி ஒட்டினாள். வேறொரு மின்கலத்தைச் சிறு குழலில் பொருத்தி உள்ளே செலுத்தினாள். விசையை மெல்ல அழுத்தியதும் மேலே மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒளி போதாது, கை ஆடாமல் பிடி என்பது அதன் பொருள். அந்த மஞ்சள் ஒளியைக் கண்டதும் நாம் எழுந்து வெளியே போய்விட்டோம்.

வாப்பா உயிரோடிருந்த காலத்தில் நம் வீட்டுச் சுவரில் படம் என்பதே கிடையாது. உயிருள்ளவற்றின் உருவம் வீட்டில் இருத்தலாகாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் பாஸ்போர்ட்டுக்காக எடுத்துக்கொண்ட ஒரு படமே அவர்களுடைய படம். உம்மாவுக்கு அதுவும் இல்லை. இதனால் வாப்பாவை அறியாமையில் உழன்றவர் என்று இளையோர் எண்ணிவிட வேண்டாம். மார்க்க அறிஞர்களிடையே இந்தப் பொருளில் நெடுங்காலமாகக் கருத்து வேற்றுமை உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷெய்கு முஹம்மது பகீத் அவர்கள் இதற்கென்றே ஒரு நூல் எழுதி, கேமரா செய்வது படைத்தலன்று, நிழலைப் பிடித்து நிறுத்துவதே என்னும் கருத்தில் ஆகுமென்றார்கள். ‘நிழற்படம்’ என்னும் தமிழ்ச் சொல்லையும் இதையும் ஒப்பிட்டுப் பார்த்து நாம் மகிழ்ந்ததுண்டு. அதை ஏற்காத ஆலிம்களும் இருந்தனர், இருக்கின்றனர். அதற்கும் வெகு முன்பே, எகிப்தியப் படை அதிகாரியான முஹம்மது சாதிக் பே என்பார் 1861இல் மதீனாவையும், 1880ஐ ஒட்டி மக்காவையும் படமெடுத்திருந்தார். புனித நகரங்களின் முதற்படங்களை எடுத்தவர் முஸ்லிமே.

இங்கே ஒரு சிறு செய்தி. ‘கேமரா’ என்னும் சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. அது சரியன்று. அறை என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. ஆனால் சொல் நம்முடையது அன்றாயினும், பொருளின் வரலாற்றில் நமக்குப் பங்கு உண்டு. பஸ்ராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், பதினோராம் நூற்றாண்டிலேயே சிறு துளை வழியே ஒளி செல்வதை ஆராய்ந்தார். கிரகணத்தின்போது துளை வழியே விழும் சூரிய ஒளி பிறைவடிவம் கொள்வதேன் என்று ஒரு நூலே எழுதினார். உண்மையான பெருமை இவ்வளவு இருக்க, பொய்ப்பெருமை எதற்கு?

இந்த வாதங்களையெல்லாம் இருபது வயதில் நாம் வாப்பாவிடம் எடுத்துச் சொன்னோம். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “படித்தது சரி. மனம் ஒப்பவில்லை” என்று முடித்துவிட்டார்கள். நாம் கடலையும் தோணியையும் தென்னையையும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

1979ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாள். தாய்மாமா ஊரிலிருந்தார். அவர் என்ன பேசினாரோ, வாப்பாவே நம்மை அழைத்து, “உம் உம்மாவை ஒரு படம் எடுத்துக்கொள். பிள்ளைகளுக்கு வேண்டும் என்கிறார் மச்சான். ஊரார்க்குக் காட்ட வேண்டாம்” என்றார்கள். நமக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியில் ஓர்வோ சுருள் ஒன்று புதிதாக இருந்தது. கிழக்கு ஜெர்மனிச் சுருள். அன்று ஊரில் எளிதாகக் கிடைப்பது அதுதான். அதை அவசர அவசரமாகக் கேமராவில் மாட்டினோம். உம்மா முற்றத்தில் வந்து அமர்ந்தார்கள். கூச்சத்தால் முதலில் தலை நிமிரவேயில்லை. ஒரு படம் என்ற வாப்பா உள்ளே போய்விட, நாம் முப்பத்தாறும் எடுத்தோம். உம்மா தனியே; பதின்மூன்று வயதுத் தங்கையோடு; தாய்மாமாவோடு; அரிசி புடைக்கும் சுளகோடு; சிரிப்போடு. கடைசியில் வாப்பாவும் வந்து அருகே நின்றார்கள். இருவரும் சேர்ந்து நின்ற அந்தக் காட்சியைச் சிறு சதுரக் கண்ணாடி வழியே நாம் பார்த்தோம். மஞ்சள் விளக்கு எரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினோம்.

திருச்செந்தூரில் ஒரு ஸ்டூடியோ இருந்தது. சுருளைக் கொடுத்துவிட்டு மறுநாள் போனோம். அதன் உரிமையாளர் நம்மை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். கழுவிய சுருளை ஒளிக்கு எதிரே பிடித்துக் காட்டினார். ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள் வரிசையாக இருந்தன. எண்களுக்கு நடுவே ஒன்றுமில்லை. கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது.

“தம்பி, சுருளின் நுனி மறுபக்கத்து உருளையில் மாட்டவில்லை. நீங்கள் எடுத்ததெல்லாம் ஒரே இடத்தில் நிற்கிற ஃபிலிமின் மேல்கூட விழவில்லை. நுனி வெளியே வந்துவிட்டது. எண் காட்டும் முள் சுருள் ஓடினாலும் நகரும், ஓடாவிட்டாலும் நகரும். அதை நம்பக் கூடாது. நெம்புகோலைத் தள்ளும்போது இடப்பக்கத்துத் திருகு சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால்தான் சுருள் ஓடுகிறது” என்று பரிவோடு சொன்னார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

வீட்டிற்கு வந்தோம். “படம் வந்ததா?” என்று உம்மா கேட்டார்கள். ஸ்டூடியோக்காரர் வெளியூர் போயிருக்கிறார் என்றோம். அடுத்த வாரம் கேட்டார்கள். அச்சுத்தாள் தட்டுப்பாடு என்றோம். மறுபடியும் எடுத்திருக்கலாமே என்று நேயர்கள் கேட்கக் கூடும். வாப்பாவிடம் இன்னொரு முறை கேட்கத் துணிவு வரவில்லை; நம் அறியாமையை ஒப்புக்கொள்ள மனமும் வரவில்லை. நாள் பார்ப்போம், நாள் பார்ப்போம் என்றிருந்தோம். உம்மாவும் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். 1981இல் மௌத்தாகிவிட்டார்கள்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்த பின் தங்கை அழுதுகொண்டே வந்து, “காக்கா, அந்தப் பெருநாள் படம்?” என்று கேட்டாள். அப்போது நாம் சொன்ன சொல்தான் இத்தனை ஆண்டும் நம்மை அறுத்துக்கொண்டிருப்பது. “ஸ்டூடியோக்காரன் சுருளைத் தொலைத்துவிட்டான்” என்றோம்.

கூலி வாங்காத அந்த மனிதர் மீது பழி போட்டோம். வீடு முழுதும் அதை நம்பிற்று. அவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எண்ணிய நாட்கள் பல. போன நாள் ஒன்றுமில்லை. ஒருநாள் அவரும் இறந்துவிட்டாரென்று கேள்விப்பட்டோம்.

காத்திருப்பு நன்றாக இருக்கிறது என்று மருமகள் சொன்னபோது நெஞ்சில் தைத்தது இதுதான். இன்றைய பிள்ளைகளுக்குக் காத்திருப்பு ஒரு சுவை. கைப்பேசி சட்டைப்பையில் இருக்க, அதற்கு அப்பால் விரும்பி மேற்கொள்ளும் நோன்பு போன்றது. நமக்கு அது சுவையன்று, அச்சம். வேறு வழியில்லாத அச்சம். ஆனால் நடுநிலையோடு சொன்னால், கைப்பேசியும் காப்பாற்றித் தந்துவிடுவதில்லை. நம் உறவினர் ஒருவர் தம் மகளின் நிக்காஹ் படங்கள் முழுவதையும் கைப்பேசியோடு கடலில் போட்டுவிட்டு நின்றார். தாய்மாமா வீட்டு பிஸ்கட் டப்பாவில் 1960களின் நெகட்டிவ்கள் இன்றும் அச்சிடத் தக்கவையாக இருக்கின்றன.

மருமகள் முதற்சுருளை ஊரிலேயே எடுத்து, ஊரிலேயே கழுவினாள். அதை நாம் முழுதும் அருகிருந்து பார்த்தோம். ஒளி புகாத கறுப்புப் பையினுள் இரு கைகளையும் நுழைத்து, கண்ணால் காணாமல் விரல் உணர்வாலேயே சுருளை வளையத்தில் ஏற்றி, மூடியிட்ட குவளைக்குள் அடைத்தாள். கழுவும் மருந்து டி-76. ஏறத்தாழ நூறாண்டுகளாக மாறாத கலவை. அதற்கு 20 பாகை வெப்பம் வேண்டும். நம் ஊர்க் குழாயில் முப்பதுக்குக் குறைந்து தண்ணீர் ஏது? வெப்பம் மிகுந்தால் படலத்திலுள்ள ஜெலட்டின் இளகிவிடும். பிரிட்ஜிலிருந்த பனிக்கட்டியையெல்லாம் வாளியில் கொட்டி, குவளையை அதில் அமிழ்த்தி, வெப்பமானியைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். பெருநாள் சர்பத்துக்கென்று வைத்திருந்த பனிக்கட்டி அது. தங்கை கடிந்துகொண்டாள்.

ஜெலட்டின் மாட்டின் எலும்பிலும் தோலிலுமிருந்து வடிப்பது. 1920களில் கோடக்கில் பணியாற்றிய ஷெப்பர்டு என்னும் அறிஞர், சில ஜெலட்டினில் மட்டும் ஒளியுணர்வு மிகுவானேன் என்று ஆராய்ந்தார். மாடுகள் தின்ற கடுகுச் செடியின் கந்தகச் சத்து எலும்பு வழியே வந்து, வெள்ளி உப்பின் படிகங்களைக் கூர்மைப்படுத்துகிறது என்று கண்டார். எங்கோ ஒரு மாடு மேய்ந்த கடுகும் ஒருவர் முகம் படத்தில் பதிவதற்குத் துணையாயிற்று. இதைச் சொன்னபோது மருமகள் கைதட்டிச் சிரித்தாள்.

மருந்தை ஊற்றி, ஆட்டி, வடித்து, ஹைப்போவில் நிறுத்தி, நீரில் அலசி, மூடியைத் திறந்து சுருளை உருவினாள். துணி காயவைக்கும் கொடியில் கிளிப்பால் மாட்டினாள். நாம் அருகே போகவில்லை. “மாமா, வாருங்கள், வந்திருக்கிறது!” என்று கூவினாள். கறுப்பு முகங்களும் வெள்ளைத் தலைமுடியுமாகத் தலைகீழ் உலகம் சொட்டிக்கொண்டிருந்தது. முப்பத்தாறும் இருந்தன.

அன்று இரவு தங்கையையும் அவளையும் அழைத்து, கேமராப் பையின் உள்ளறையில் தாளில் சுற்றி வைத்திருந்த அந்த வெற்றுச் சுருளை எடுத்துக் கொடுத்தோம். நடந்ததைச் சொன்னோம். மருமகள் அதை விளக்கின் எதிரே பிடித்து, ஒன்று முதல் முப்பத்தாறு வரை விரலால் எண்ணிக்கொண்டே போனாள். ஒன்றும் பேசவில்லை.

தங்கை நெடுநேரம் கழித்துப் பேசினாள். “என் கல்யாணத்திற்கு அவரைக் கூப்பிட வேண்டாமென்று வாப்பா தூத்துக்குடியிலிருந்து ஆள் வரவழைத்தார்களே காக்கா. கடைத்தெருவில் எதிரே வந்தபோதுகூட நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருக்கிறேன்” என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது. நாம் தலை குனிந்திருந்தோம். அவருடைய மகன் ஆறுமுகநேரியில் இருப்பதாக அவளே சொன்னாள். போய்ப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பிறகு அவள், “உம்மா அன்றைக்கு என்ன சேலை?” என்று கேட்டாள். பச்சை, சிறு கட்டம் போட்டது என்றோம். இல்லை, மஞ்சள் என்றாள் அவள். முப்பத்தாறு முறை கண்ணாடி வழியே பார்த்தவர் நாம். பச்சைதான் என்று அடித்துச் சொன்னோம். சுளகைப் பிடித்திருந்த கையில் மருதாணி இருந்ததென்றோம். அது அவளுக்கும் நினைவிருந்தது. வாப்பா வந்து நின்றதும் உம்மா முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டதும் நினைவிருந்தது. சேலை நிறத்தில் மட்டும் இன்றுவரை உடன்பாடு இல்லை.

மறுநாள் மருமகள் சென்னைக்குப் புறப்பட வேண்டும். காலையில் இரண்டாவது சுருளை எடுத்துக்கொண்டு முற்றத்திற்கு வந்தாள். உம்மா அமர்ந்த அதே இடத்தில் தன் தாயை அமரச் சொன்னாள். தங்கை முக்காட்டைச் சரி செய்துகொண்டிருந்தாள். மருமகள் சுருளின் நுனியை உருளையின் பிளவில் செருகி, மூடியை அடைத்து, கேமராவை நம் பக்கம் நீட்டினாள்.

“மாமா, நீங்கள் திருகைப் பாருங்கள்” என்று சொல்லி நெம்புகோலைத் தள்ளினாள்.

நாம் குனிந்து பார்த்தோம். சுழன்றது.